முக்கால் கன மீட்டர்

கான்கிரீட் பிளாண்ட்டில் அவரைப் படிக்கட்டு என்றுதான் கூப்பிடுவார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே இரண்டாவது தடவைதான் திரும்பிப் பார்ப்பார்.

இருபத்திரண்டு வருடமாகக் கலவை லாரி ஓட்டுகிறார். முதுகில் டிரம் சுற்றிக்கொண்டே போகும் அந்த லாரியில் ஆறு கன மீட்டர் கான்கிரீட் ஏறும். கட்டடத்தில் இறக்கி முடித்த பிறகு டிரம்மின் அடியில் கொஞ்சம் தங்கிவிடும். சில நாள் இரண்டு சட்டி, சில நாள் இருபது சட்டி. அதைச் சுமந்துகொண்டு வெகுநேரம் திரிய முடியாது, இறுக ஆரம்பித்துவிடும். இறுகிப்போனால் ஓட்டுநரே டிரம்முக்குள் இறங்கி உளியும் சுத்தியலுமாக உடைத்து எடுக்க வேண்டும். வெளியே வந்த பிறகு இரண்டு நாளைக்குப் பெண்டாட்டி திட்டுவது காதில் விழாது. அது ஒன்றுதான் அந்த வேலையில் லாபம் என்பார்கள்.

ஆகவே எல்லா ஓட்டுநர்களும் மிச்சத்தைப் போகிற வழியில் எங்காவது கொட்டிவிட்டு வந்தார்கள். இவர் மட்டும் கேட்டுக் கொட்டினார். சைக்கிள் கடை வாசலில் ஒரு படி, மருந்துக் கடைக்கு இரண்டு, பள்ளிக்கூடத்துக் குழாயடியில் ஒரு மேடை. வண்டியிலேயே நாலு பலகையும் ஒரு டப்பா ஆணியும் வைத்திருப்பார். பலகையை அடித்து, கலவையை ஊற்றி, மேலே ஒரு இழுப்பு இழுத்துவிட்டு ஏறிப் போய்விடுவார். யாரிடமும் ஒரு டீக்கு மேல் வாங்கியதில்லை. அந்த வட்டாரத்தில் முழங்கால் வலிக்காரர்கள் யாராவது அவரைத் திட்டியிருந்தால்தான் உண்டு.

சொந்த வீட்டு வாசலில் இருந்த மூன்று படிகளும் அப்படி ஊற்றியவைதான். கல்யாணமான வருடம் போட்டது. நடுப்படியில் மட்டும் லேசாக ஒரு விரிசல். மற்றபடி குறை சொல்ல முடியாது.

நாலு வருடத்துக்கு முன் மனைவியின் தம்பி அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். பொக்லைன் ஓட்டிக்கொண்டிருந்தவன். ஒரு பள்ளத்தின் ஓரத்தில் மண் சரிந்து இயந்திரத்தோடு உருண்டான். இடுப்புக்குக் கீழே அசைவு போயிற்று. கல்யாணம் ஆகவில்லை, அக்காவை விட்டால் வேறு வீடும் இல்லை. வண்டியிலிருந்து சக்கர நாற்காலியில் அவனை இறக்கி வாசலில் நிறுத்தியபோது, எதிரே இருந்த மூன்று படிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான்.

“படியெல்லாம் நல்லாத்தான் போட்டிருக்கீங்க மாமா. எனக்குத்தான் கொடுத்து வைக்கல” என்றான்.

அன்றிலிருந்து அவன் வெளியே போவதென்றால் தூக்கி இறக்க வேண்டும். இவர் பின்னால் கைப்பிடியைப் பிடிப்பார், மனைவி முன்னால் கால்தாங்கியைப் பிடிப்பாள். அந்த மூன்று படி இறங்கி முடியும்வரை மைத்துனன் கண்ணை மூடிக்கொண்டிருப்பான். பயத்தில் என்றுதான் இவர் முதலில் நினைத்தார். எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுப் பார்ப்பார், அதைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அவன் மூடிக்கொண்டான். மருத்துவமனைக்கும் வங்கிக்கும் தவிர அவன் எங்கும் போகவில்லை. கடைசி இரண்டு வருடத்தில் மொத்தம் பதினோரு தடவை. யார் கேட்டாலும் அந்த எண்ணை உடனே சொல்வான்.

சாய்தளம் போட்டுத் தருவதாக இவர் முதல் வருடமே வாக்குக் கொடுத்திருந்தார். ஆனால் சாய்தளத்துக்குச் சில்லறை மிச்சம் போதாது. பாதியை இன்றைக்கும் பாதியை அடுத்த வாரமும் ஊற்றினால் நடுவில் இணைப்பு விட்டுப்போகும், சக்கரம் அதில் மாட்டும். நிறைய மிஞ்சுகிற அன்றைக்கு ஒரே ஊற்றாக ஊற்றிவிடலாம் என்றார். நிறைய மிஞ்சிய நாட்களும் வந்தன. ஒரு நாள் வண்டி ஊருக்கு அந்தக் கோடியில் இருந்தது. இன்னொரு நாள் மழை. அதற்குள் வேறொரு பிளாண்ட்டின் ஓட்டுநர் எவனோ மிச்சத்தைச் சாக்கடையில் கொட்டி, ஒரு தெரு முழுக்கத் தண்ணீர் ஏறிவிட்டது. அதன் பிறகு எல்லா லாரியிலும் ஒரு சின்னப் பெட்டியைப் பொருத்தினார்கள். வண்டி எங்கே போகிறது, எங்கே நிற்கிறது என்பதெல்லாம் பிளாண்ட்டில் ஒரு திரையில் தெரியும். வழியில் பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் சிவப்பு விழும். மிச்சத்தைத் திருப்பிக் கொண்டுவந்து பிளாண்ட் குழியில்தான் கொட்ட வேண்டும். படிக்கட்டு படி போடுவது அத்தோடு நின்றது.

கொத்தனாரைக் கூப்பிடலாம் என்று மனைவி பலமுறை சொல்லிப் பார்த்தாள். தினமும் ஆறு கன மீட்டர் சுமக்கிறவன் வீட்டுக்கு மூட்டை சிமெண்ட் வாங்குவதா என்று இவருக்கு வீம்பு. “ஊருக்கெல்லாம் ஊத்தினீங்க, வீட்டுக்கு மட்டும் நாள் பார்க்கறீங்க” என்றாள் அவள். வீம்பை விட்டுவிட்டுக் கூப்பிட்டபோது கொத்தனார் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று இரண்டு மாதம் ஓட்டினார். நடுவில் ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டுப் பார்த்தார்கள். ஒரே மழையில் ஊறி வாழைத்தண்டு மாதிரி வழுக்கியது.

இப்படியே இன்னும் கொஞ்ச காலம் போயிருக்கும். மைத்துனன் வீட்டில் உட்கார்ந்தபடி அக்கம்பக்கத்து மின்விசிறி, தண்ணீர் மோட்டார் எல்லாம் பழுது பார்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். அது மூன்று தெரு தள்ளி இருந்த பட்டறைக்காரர் காதுக்கு எட்டியது. லாரிகளின் ஸ்டார்ட்டர் மோட்டாரையும் டைனமோவையும் சரிசெய்கிற பட்டறை. அவர் ஒரு நாள் வீட்டுக்கே வந்து, அரை மணி நேரம் அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றாம் தேதி திங்கட்கிழமை, காலை எட்டு மணிக்கு வரச் சொன்னார். ஆள் அவசரம், வராவிட்டால் வேறு ஒருவனைப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும் என்பதையும் சொன்னார். கடை ரோட்டோடு மட்டம், ஏற ஒன்றும் இல்லை என்றார். அதை அவராகவே சொன்னது மைத்துனனுக்குப் பிடித்திருந்தது.

அவர் போன பிறகு அவன் அக்காவிடம் ஒன்றே ஒன்று சொன்னான்.

“தூக்கி இறக்கறதா இருந்தா நான் போகல. மாசம் ஒரு தடவைன்னா கண்ணை மூடிக்கலாம். தினம் ரெண்டு தடவை பொட்டலம் மாதிரி என்னால முடியாது.”

அதற்கப்புறம்தான் வேலை வேகம் பிடித்தது. வாசற்படிக்கட்டின் உயரம் ஒன்றரை அடி. ஒரு அடி ஏறப் பன்னிரண்டு அடி ஓட வேண்டும் என்பது மைத்துனனின் கணக்கு. ஆக, பதினெட்டு அடி. வாசலிலிருந்து கேட்டுக்கு இருபது அடி இருந்தது. அவன் நிலைப்படியில் உட்கார்ந்து தண்ணீர்க் குழாயால் மட்டம் பார்த்துச் சொல்லச் சொல்ல, அக்கா நூல் கட்டினாள், பலகை அடித்தாள், ஒவ்வொரு மாலையும் உடைகல் கொண்டுவந்து நிரப்பித் திமிசால் குத்தி இறுக்கினாள். மூன்று படிகளும் கல்லுக்கடியில் மறைந்துபோயின. மேலே நாலு அங்குலம் மட்டும் கலவைக்கு விட்டிருந்தது. முக்கால் கன மீட்டர் பிடிக்கும். ஒரு சட்டி கூட இருக்கலாம், குறையக் கூடாது.

ஒன்றாம் தேதிக்கு முந்தின சனிக்கிழமை இவர் ஒரு கட்டடத்தின் தூண்களுக்குக் கலவை இறக்கிக்கொண்டிருந்தார். கடைசித் தூண் நிரம்பியதும் சைட் இன்ஜினியர் போதும் என்று கையைத் தூக்கினார். டிரம் இன்னும் கனமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. இவர் பின்னால் ஏணியில் ஏறி, டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். முக்கால் இருக்கும். கொஞ்சம் கூடவே இருக்கும்.

இறங்கி வந்து சீட்டில் உட்கார்ந்தார். வண்டியை எடுக்கவில்லை. இத்தனை வருடத்தில் ஊரெல்லாம் “உங்களுக்கு வேணுமா” என்று கேட்டிருக்கிறார். எனக்கு வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு, டிரம் நாலு சுற்று சுற்றும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு திரையைப் பார்க்கும் கன்ட்ரோல் மேடத்தைக் கூப்பிட்டார்.

“மேடம், முக்கால் மீட்டர் மிச்சம்.”

“குழிக்குக் கொண்டாங்க.”

“வழியில ஒரு இடத்துல நிக்கணும்.”

“எங்க?”

“எங்க வீட்ல.”

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு மேடம் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டாள்.

“பத்து நிமிஷம் தாண்டினா சிவப்பு விழும். காரணம் எழுதணும். திங்கட்கிழமை மேனேஜர் படிப்பார். பஞ்சர்னு எழுதிடவா?”

“வீடுன்னே எழுதுங்க மேடம்.”

“ஏன் அண்ணே வம்பு? பஞ்சர்னா ஒருத்தரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க.”

“பஞ்சர்னா டயரைக் காட்டச் சொல்வாங்க. வீடுன்னா வீடு இருக்கு.”

இன்னும் யாருக்குப் படி போடப் போகிறீர்கள் என்று அவள் கேட்டாள். படி இல்லை, படி ஏற முடியாதவனுக்கு என்று சொல்லி விஷயத்தை நாலு வாக்கியத்தில் முடித்தார். இருபது நிமிடம், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள் என்று அவள் வைத்துவிட்டாள். மனைவியிடம் வந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். போன வருடமும் இப்படித்தான் சொன்னீர்கள் என்று அவள் ஆரம்பித்தாள். டிரம் சத்தத்தை அவளுக்குக் கேட்கும்படி செல்போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டினார்.

அவர் தெருமுனையில் திரும்பும்போது கலவை ஏற்றி இரண்டு மணி நேரத்துக்கு மேலாகியிருந்தது. டிரம் முக்கி முக்கிச் சுற்றியது. கை தன்பாட்டில் தண்ணீர் வால்வைத் திறந்தது. மனசுக்குள் எட்டு எண்ணி மூடியது. மிச்சம் ஊற்றுவதற்கு முன் அவர் எப்போதும் செய்வது அது. தண்ணீர் விட்டால் கலவை கூழாகும். கூழானால் பலகைக்குள் தானே ஓடி, மூலை முடுக்கெல்லாம் நிரம்பி, தானே மட்டமாக நின்றுவிடும். மண்வெட்டியைத் தொட வேண்டாம். எத்தனையோ படிகளை அவர் அப்படித்தான் தனி ஆளாக ஊற்றினார்.

வண்டியைப் பின்பக்கமாகக் கேட்டுக்குள் செருகினார். பின்னால் இருக்கும், கலவை வழிந்து இறங்குகிற தகரத் தடத்தை நீட்டினால் பன்னிரண்டு அடிதான் எட்டியது. அதற்கு மேல் ஆறு அடிக்கு மண்வெட்டியால் தள்ளிக்கொள்ள வேண்டும். மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். தையல்காரரும் ஒரு சட்டியோடு வந்திருந்தார். மைத்துனன் நிலைப்படியில் நாற்காலியை நிறுத்தி, மடியில் மட்டப்பலகையை வைத்திருந்தான்.

கலவை வழுவழுவென்று இறங்கியது. இவருக்கே திருப்தியாக இருந்தது. மேலே தள்ளினார்கள். தள்ளியது நின்றது. பிறகு மெதுவாகக் கீழே நகர்ந்தது. மறுபடி தள்ளினார்கள். மறுபடி இறங்கியது. கேட்டுப் பக்கத்துப் பலகையைத் தாண்டி வழிந்து தையல்காரரின் செருப்பை மூடியது. மேல் பக்கம் கல் தெரிய ஆரம்பித்தது. சரித்து வைக்க வேண்டிய கலவை, பாத்திரத்தில் விட்ட தண்ணீர் மாதிரி மட்டம் தேடிக்கொண்டிருந்தது.

மைத்துனன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

“மாமா, தண்ணி விட்டீங்களா?”

“கொஞ்சம்.”

“எவ்வளவு?”

“படிக்கு விடற அளவு.”

“இது படி இல்லையே மாமா.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை.  இவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு கலவையையே பார்த்தபடி நின்றார். உடைகல் போட்டு நிறுத்தலாமா என்று தையல்காரர் கேட்டார். சிமெண்ட் மூட்டை ஒன்று வாங்கித் தூவலாமா என்று மனைவி கேட்டாள். சட்டைப் பையில் செல்போன் அடித்தது. சிவப்பு விழுந்து பத்து நிமிடம் ஆகிறது என்றாள் மேடம். டிரம்மின் சுவரில் ஒட்டியிருந்த கலவையும் காய்ந்துகொண்டிருந்தது. உடனே போய்க் கழுவாவிட்டால் உளிதான்.

“நீங்க கிளம்புங்க. இறுகற வரைக்கும் இது ஓடும், அதுவரைக்கும் இழுத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான்” என்றான் மைத்துனன். பிறகு நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, கைகளை ஊன்றித் தரையில் இறங்கினான். நிலைப்படியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் கையால் எடுத்து ஒரு பக்கமாக வைத்துக்கொண்டான். “அக்கா, நீ கீழேருந்து தள்ளு. நான் மேலேருந்து வாங்கிக்கறேன்.”

வண்டியை எடுக்கும்போது பக்கக் கண்ணாடியில் அதுதான் தெரிந்தது. அவன் மட்டப்பலகையை முழு நீளத்துக்கும் நீட்டி, கலவையைத் தன்னை நோக்கி இழுத்துக்கொண்டிருந்தான்.

பிளாண்ட்டில் டிரம்மைக் கழுவி, இரண்டு சட்டிக் கசடைக் குழியில் விட்டார். மேடம் ஜன்னல் வழியாக நோட்டைத் திருப்பிக் காட்டினாள். வண்டி நாலு, ஓட்டுநர் வீடு, இருபத்தாறு நிமிடம் என்று எழுதியிருந்தது. சரிதான் என்றார். நல்லபடியா முடிந்ததா என்று கேட்டாள். ஊற்றியாகிவிட்டது என்று சொல்லிவிட்டு அடுத்த லோடுக்குப் போனார்.

வீடு திரும்ப மாலை ஆறாகிவிட்டது. மனைவி விரல்களில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். சிமெண்ட் அரித்து நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. மைத்துனன் குளித்துவிட்டு நாற்காலியில் இருந்தான், காது மடலில் மட்டும் சாம்பல் நிறம். மத்தியானம் இரண்டே முக்கால் மணிக்குத்தான் கலவை ஓடுவதை நிறுத்தியது என்றார்கள். அதுவரை ஒருத்தி தள்ள, ஒருத்தன் இழுக்க, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் முழுக்க மறுபடி முதலிலிருந்து. தையல்காரர் இரண்டு சட்டை தைக்க வேண்டியதை விட்டுவிட்டு வாளி வாளியாகப் பலகைக்கு வெளியே வழிந்ததை அள்ளி மேலே கொடுத்திருக்கிறார். கடைசியில் சக்கரம் வழுக்காமல் இருக்க விளக்குமாற்றால் குறுக்கே கோடு இழுத்திருந்தார்கள்.

பார்க்கிறவனுக்குச் சாய்தளம்தான். ஆனால் அது ஒரே சாய்வாக இல்லை. கீழே பன்னிரண்டு அடி சோம்பேறித்தனமாகப் படுத்திருந்தது. மேலே ஆறு அடி வெடுக்கென்று நிமிர்ந்து நிலைப்படியைத் தொட்டது.

“கீழே பதினாறுக்கு ஒண்ணு. மேல எட்டுக்கு ஒண்ணு” என்றான் மைத்துனன். குழாய் போட்டு ஏற்கெனவே பார்த்திருந்தான்.

“உடைச்சிட்டு மறுபடி போட்டுடறேன் மாப்ளே.”

“எப்ப? அடுத்த முக்கால் மீட்டருக்கா?”

மனைவிக்குச் சிரிப்பு வந்தது. உரிந்த விரலை உதறிக்கொண்டே சிரித்தாள். இறங்குவதை நான் பார்த்துக்கொள்வேன், ஏறுவதைத் திங்கட்கிழமை சாயங்காலம் பார்ப்போம் என்றான் அவன். அதுவரை அதன்மேல் பூனை கூட நடக்கக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மனைவி அதன்மேல் சாக்கு விரித்துத் தண்ணீர் தெளித்தாள். இவர் சும்மா இருக்கமுடியாமல் ஏதாவது செய்யட்டுமா என்று இரண்டு தடவை கேட்டார். மைத்துனன் கொஞ்சம் யோசித்து, தார்ப்பாய் கட்டுகிற கயிறு பத்து அடி வேண்டும் என்றான். இவர் வாங்கி வந்தார். அவன் அடிக்கு ஒரு முடிச்சு போட்டான், ஒரு முனையை வாசல் ஜன்னலின் இடது பக்கக் கம்பியில் கட்டினான். மறுமுனை சாய்தளத்தின் நடுவரை தொங்கிக்கிடந்தது.

திங்கட்கிழமை அதிகாலையே இவருக்கு வண்டி. ஏழே முக்காலுக்கு மனைவியிடமிருந்து அழைப்பு வந்தது.

“போயிட்டான்” என்றாள். 

மத்தியானம் மேனேஜர் கூப்பிட்டார். நோட்டை வைத்துக்கொண்டு, வீடா என்று கேட்டார். வீடுதான் என்றார் இவர். இனி இப்படிச் செய்யமாட்டேன் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, ஒரு வாரத்துக்கு அவரைக் கான்கிரீட் பம்ப் கழுவும் வேலைக்குப் போட்டார். பஞ்சர் என்று எழுதியிருக்கலாமே என்று அவரும் சொன்னார்.

ஐந்தரை மணிக்கே இவர் வந்து கேட்டருகே நின்றுவிட்டார். ஆறு மணிக்கு மைத்துனன் தெருவில் வந்தான். கையெல்லாம் கருப்பு மசகு, சட்டை முன்பக்கத்திலும் மசகு. பன்னிரண்டு அடியையும் ஒரே மூச்சில் உருட்டி ஏறினான். நிமிர்ந்த இடத்தில் நின்று, கயிற்றை எடுத்தான்.

முதல் முடிச்சு. இரண்டாவது முடிச்சு. கை மாற்றும்போதெல்லாம் நாற்காலி ஒரு அங்குலம் பின்னால் வந்தது. மூன்றாவதில் அரை அடி வந்தது. இவர் ஒரு எட்டு எடுத்து வைத்தார். மனைவி சட்டைப் பின்பக்கத்தைப் பிடித்து நிறுத்தினாள்.

“நில்லுங்க” என்றாள்.

எதிரே தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் கயிற்றை முழங்கையில் ஒரு சுற்று சுற்றிக்கொண்டான், மூச்சு வாங்கினான், மறுபடி இழுத்தான். நாலு. ஐந்து. முன் சக்கரம் நிலைப்படியில் இடித்துத் தாண்டியது. நாற்காலி வீட்டுக்குள் போயிற்று. கொஞ்ச நேரத்துக்கு வாசலில் ஆளைக் காணோம்.

பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு வந்து, மேலிருந்து சாய்தளத்தைப் பார்த்தான். இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டான்.

“மாமா, கயிறு வலது பக்கம் கட்டியிருக்கணும். எல்லாம் இடது கைக்கே போகுது. அவுத்துக் கட்டிடுங்க, காலைல எட்டுக்குப் போகணும்.”

இவர் மேலே ஏறிப்போய், ஜன்னல் கம்பியில் இருந்த முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார். ஆள் பாரம் ஏறி இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க வேண்டியிருந்தது.